ரயில் சிநேகிதிக்கு இயேசுவைப் பத்தின கைப்பிரதி (துண்டுத்தாள்) கொடுத்தேன், பேச்சு நின்னுபோச்சு. இனி என்ன செய்யறது?

ஆவடி லேடீஸ் கோச்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நான் ஆவடி. பார்க் டவுன்ல ஒரு மருந்து மொத்தக் கடையில பில்லிங் பார்க்குறேன். ஆறு வருஷமா காலையில ஒரே திருவள்ளூர் லோக்கல், ஒரே லேடீஸ் கோச். எங்க செட்ல அஞ்சு பேரு. அதுல ஒரு அக்கா திருநின்றவூர்ல ஏறுவாங்க. ஆவடி வர்றதுக்குள்ள கோச் நிரம்பிடும். அதனால பக்கத்து சீட்டுல தன் ஹேண்ட்பேக்கை வச்சு எனக்கு இடம் போட்டு வைப்பாங்க. யாராவது முறைச்சா "ஆள் வருது"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாங்க. லீவு நாள் போக தினமும் அந்தப் பை அங்க இருக்கும்.

எங்க சபையில இந்த வருஷம் ஆளுக்கு ஒரு ஆத்துமான்னு, அதாவது ஒவ்வொருத்தரும் ஒருத்தரை இயேசுகிட்டக் கொண்டுவரணும்னு தீர்மானம். ஒவ்வொருத்தர் கையிலயும் 50 கைப்பிரதியும் ஒரு நோட்டும் கொடுத்தாங்க. நோட்டுல கட்டம் போட்டிருக்கும்: பேரு, ஏரியா, போன் நம்பர், கொடுத்த தேதி, என்ன சொன்னார். மாசக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் எண்ணிக்கை வாசிப்பாங்க. ஜூலையில எனக்குப் பூஜ்யம். பக்கத்துல இருந்த சிஸ்டருக்கு 17. எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் தட்டுனேன்.

ஆடிக் கடைசியில அக்காவோட அம்மா தவறிட்டாங்க. கொரட்டூர்ல அவங்க அண்ணன் வீட்டுலதான் எடுத்தாங்க. நான் போயிருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கும் போனேன். அடுத்த திங்கட்கிழமை அக்கா வேலைக்குக் கிளம்பி வந்தாங்க. முகமே சுருங்கிப் போயிருந்துச்சு. ஆறுதலா ஏதாவது சொல்லணும்னு எனக்குள்ள பாரம், ஆனா வாய் வரல. பையில அந்தக் கட்டு இருந்துச்சு. மேல இருந்த ஒண்ணை உருவி, "படிச்சுப் பாருங்கக்கா, மனசுக்கு இதமா இருக்கும்"னு நீட்டுனேன்.

நான் அதைப் படிச்சதில்ல. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறேன். 50-ஐயும் வாங்கி வச்சேனே தவிர ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பார்க்கல. நாலா மடிச்ச மஞ்சள் தாள். பிரிச்சா உள்ள கொட்டை எழுத்துல, "இன்றிரவு நீ மரித்தால் உன் ஆத்துமா எங்கே போகும்?" கீழ நெருப்புப் படம்.

அக்கா நிதானமா படிச்சாங்க. வண்டி கொரட்டூர்ல நின்னு கிளம்புச்சு. தாளைத் திரும்ப அதே மடிப்புல மடிச்சாங்க. அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களுக்குக்கூடக் கேக்காத குரல்ல, "எங்கம்மா எங்க போனாங்கன்னு கேக்குறியா?"ன்னாங்க.

மறுநாள் ஆவடியில ஏறுனேன். பை அவங்க மடியில இருந்துச்சு. என் இடத்துல வேற யாரோ.

இன்னியோட மூணு வாரம் ஆச்சு. நடுவுல அவங்க வீட்டுக்காரர் தாளுக்குப் பின்னால இருந்த சபை நம்பருக்கு போன் போட்டு, மதம் மாத்துறீங்களா, போலீஸ்ல சொல்லட்டுமான்னு கத்தியிருக்காரு. போதகர் என்னைக் கூப்பிட்டு, சுவிசேஷத்துக்காக உபத்திரவம் வந்தா சந்தோஷப்படணும்னாரு. எனக்குச் சந்தோஷம் வரல. இது உபத்திரவம் மாதிரியும் தெரியல.

அக்காகிட்ட எப்படித் திரும்பப் பேசுறது? ஆண்டவரைப் பத்திச் சொல்றதையே விட்டுடணுமா? நிஜமாவே சட்டப்படி தப்பு பண்ணிட்டேனா?

ஜெபவீரன்:

சிஸ்டர், சோர்ந்து போகாதீங்க. சமயம் வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும் சொல்லணும்னுதான் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரு. எசேக்கியேல் 33 வாசிங்க. காவல்காரன் எச்சரிக்காம விட்டா இரத்தப்பழியை ஆண்டவர் அவன் கையில கேப்பாரு. நீங்க விதை போட்டாச்சு, அந்தக் கேள்வி அவங்க உள்ளத்துல வேலை செய்யுது. அதான் கோபம். நாங்க ஜெபிக்கிறோம்.

ஷெல் ஷாப்:

மகளே, தம்பி சொன்னதை ஒரு காலத்தில் நானும் சொல்லித் திரிந்தவன்தான். அதனால் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். பிழைப்பு ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டிக் கூடு செய்கிற ஷெல் பிரிவில் வெல்டர், 34 வருஷம். 80-களில் சனிக்கிழமை வேலை விட்டதும் பெரம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று கைப்பிரதி கொடுப்பேன். மளமளவென்று போகும். வாங்கினவர் பத்தடி போய்க் கீழே போடுவார். நான் பின்னாலேயே போய்ப் பொறுக்கி, தூசி தட்டி, அடுத்த ஆளுக்குக் கொடுப்பேன். ஒருநாள் வாசலில் சுண்டல் வாங்கினேன். பொட்டலம் என் கைப்பிரதி. யாரோ கட்டோடு அந்தத் தள்ளுவண்டிக்காரருக்குக் கொடுத்திருக்கிறார்கள். "தாள் நல்ல கெட்டியா இருக்கு ஐயா, அடுத்த வாரமும் வருமா?" என்று கேட்டார். சபையில் சாட்சி சொல்கிறவர்கள் இந்த இடத்தில், அந்தப் பொட்டலத்தைப் படித்து ஒருவர் இரட்சிக்கப்பட்டார் என்று முடிப்பார்கள். எனக்குத் தெரிந்து அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். சுண்டலில் உப்பு கூடுதல்.

என் பக்கத்தில் வேலை பார்த்தவர் வில்லிவாக்கத்துக்காரர். கந்த சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும்தான். 19 வருஷம் மத்தியானச் சாப்பாடு ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. ஆரம்பத்தில் அவருக்கும் கைப்பிரதி கொடுத்தேன். வாங்கி, டிபன் பாக்ஸ் அடியில் எண்ணெய் ஊறாமல் விரித்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். ரொம்ப நாள் கழித்து, அவர் மகனுக்குக் காய்ச்சல் இறங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "தினமும் சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறியே, அது என்ன?" நன்றி சொல்கிறேன், இந்த வாரம் உன் பையன் பேரையும் சொல்கிறேன் என்றேன். "சத்தமாச் சொல்லேன்" என்றார். சொன்னேன். சைரன் ஊதி ரெண்டு பேரும் எழுந்து போனோம். வருஷக்கணக்கில் நான் செய்த சுவிசேஷ ஊழியத்தில், கேட்டவர் முழுசாகக் கேட்டது அந்த ரெண்டு நிமிஷம்தான்.

அவர் மாறினாரா என்று தம்பி கேட்பார். இல்லை. போன வருஷமும் சஷ்டி விரதம் இருந்தார். மகன் பிழைத்து, அவனுக்கே இப்போது ரெண்டு பிள்ளைகள். எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது மூணு நாள் ராத்திரி கூட இருந்தது அவர்தான்.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் எல்லாரும் படித்திருப்போம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அதோடு பாடம் முடிந்துவிடும். அவர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினதையும் சிலர் சொல்வார்கள். நமக்குச் சொல்லித் தராத ஒன்று உண்டு. அவரும் கூட இருந்த குருண்ட்லரும் இங்கிருந்த தமிழர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் தெய்வம் எது, உங்கள் வழக்கம் என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார்கள். சில பதில்கள் வெள்ளைக்காரனின் குடியையும் நடத்தையையும் கிழித்துத் தொங்கவிட்டிருக்கும், அதையும் சேர்த்துத்தான். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருந்த மிஷன் பெரியவர்கள், உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, இங்கே கொண்டுவந்து பரப்ப அல்ல என்று அதை ஓரங்கட்டிவிட்டார்கள். அது அச்சானது 1867-ல், நம்ம சென்னையில்தான். அப்போது அவர் செத்து 148 வருஷம். நோட்டும் கட்டமும் அன்றைக்கே இருந்திருக்கிறது பார், ஹாலேயில்.

ஒரு வசனம் மட்டும் சொல்கிறேன், 1 பேதுரு 3:15. நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும், சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும் என்கிறார். கேட்கிறவர்களுக்கு. உன் அக்கா கேட்கவே இல்லை. இனிமேல் கேட்டாலும் கேட்கலாம்.

போய் மன்னிப்புக் கேள். "ஆனாலும் அக்கா" என்று ஒரு வால் சேர்க்காதே. அதோடு அவர் அம்மாவைப் பற்றிக் கேள், என்ன சமைப்பார், யாரைத் திட்டுவார். எங்கே போனார் என்பது நம் கையில் இருக்கிற கணக்கு இல்லை.

தெற்கு மாட வீதி:

நான் கிறிஸ்தவள் இல்லை, நாத்தனார் பெண் அனுப்பின லிங்க்ல வந்தேன். எதிர்ப்பக்கத்துல இருந்து ஒருத்தி பேசலாம் இல்லையா?

மயிலாப்பூர்ல பிறந்து வளர்ந்தவ. படிச்சது சாந்தோம்ல கன்யாஸ்திரீகள் பள்ளிக்கூடத்துல. 'அருள் நிறைந்த மரியே வாழ்க' தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் ஒருநாளும் மதம் பேசினதில்லை. எனக்கு அம்மை போட்டப்போ வீட்டு வாசல்ல நின்னு, நோட்ஸ் எல்லாம் கையால எழுதிக் கொடுத்துட்டுப் போனா. இயேசுன்னு யாராவது சொன்னா இன்னிக்கும் எனக்கு அந்தச் செம்பட்டை நோட்டு ஞாபகம்தான் வரும்.

இப்ப எங்க ஃப்ளாட்ல ஒரு அம்மா இருக்கா, ரொம்ப நல்லவ. ஆனா லிஃப்ட்ல பார்க்கிறப்பெல்லாம் "உங்களுக்காக ஜெபிக்கிறேன்"னு சொல்றா. எனக்கு என்ன வியாதின்னு எனக்கே சந்தேகம் வருது. கிறிஸ்துமஸுக்கு அவ கேக் வரும், நாங்க சாப்பிடுவோம். கொலுவுக்குச் சுண்டல் கொடுத்தா "படைச்சது, எங்களுக்கு ஆகாது"ம்பா. அவ பாத்திரத்துல நான் சாப்பிடணும், என் பாத்திரம் மட்டும் தீட்டா? இந்த வார்த்தை யார் சொன்னாலும் வலிக்கும்னு எங்க பக்கத்துக்காராளுக்கும் தெரியணும், அது வேற கதை.

சரி, உங்க விஷயம். அந்த அக்கா திருநின்றவூர்னு எழுதியிருக்கீங்க. நாயன்மார்கள்ல ஒருத்தரான பூசலார் ஊராச்சே! ஆறு வருஷத்துல அவங்க உங்ககிட்ட அவங்க சாமியைப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்லையா? சொல்லியிருந்தா, அப்ப நீங்க எப்படிக் கேட்டீங்க?

பாரிமுனை கறுப்பு கோட்டு:

சட்டக் கேள்விக்கு மட்டும். அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் உன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்றது. தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைக்கு அவசரச் சட்டம் வந்தது, 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு வாபஸ் ஆனது. மிரட்டலோ ஆசைகாட்டலோ இல்லாமல் ஒரு தாளை நீட்டியது குற்றம் ஆகாது. குற்றமில்லை என்பதால் சரி என்றும் ஆகாது, ஆனால் அதற்கு என் ஃபீஸ் வேறு.

ஒரு கொசுறு. 'பரப்பும்' என்ற சொல் வேண்டுமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் வாக்குவாதம் நடந்தபோது, வேண்டும் என்று பேசியவர்களில் பின்னாளில் மத்திய நிதியமைச்சரான நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒருவர். கிறிஸ்தவ நிறுவனங்களில் 14 வருஷம் படித்தேன், ஒருவரும் என்னை மாற்ற முயலவில்லை என்றார். மேலே மயிலாப்பூர் அம்மா எழுதினதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

ஜெபவீரன்:

அப்போ மத்தேயு 28? போய்ச் சீஷராக்குங்கள்ங்கறது கட்டளை இல்லையா, ஐயா?

ஷெல் ஷாப்:

கட்டளைதான் தம்பி. மாசக் கடைசி ஞாயிறுன்னு அதில் போட்டிருக்கா?

ஆவடி லேடீஸ் கோச்:

பத்து நாள் கழிச்சு எழுதுறேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

தெற்கு மாட வீதி அம்மா கேட்ட கேள்வியில ரெண்டு நாள் தூக்கம் வரல. சொல்லியிருக்காங்கம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி, அம்பத்தூர்ல ஆரம்பிச்சு வில்லிவாக்கம் வரைக்கும் பூசலார் கதையைச் சொன்னாங்க. கோயில் கட்டக் காசில்லாம மனசுக்குள்ளயே கல்லு கல்லா அடுக்கிக் கட்டினாராம். அதே நாள்ல காஞ்சிபுரத்துல பெரிய கோயில் கட்டி முடிச்ச ராஜா கனவுல சாமி வந்து, உன் கும்பாபிஷேகத்தைத் தள்ளிவை, அன்னிக்கு எனக்குத் திருநின்றவூர்ல வேலை இருக்குன்னாராம். அக்கா முகம் அப்படி மலர்ந்திருந்துச்சு. நான் தலையாட்டிக்கிட்டே போன்ல ஆபீஸ் மெசேஜ் பார்த்துக்கிட்டு இருந்தேன். கதை முடிஞ்சதும் அவங்க என்கிட்ட ஒண்ணும் கேக்கல, எந்த நோட்டுலயும் என் பேரை எழுதல.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். புரட்டாசி சனிக்கிழமை காலையிலேயே பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு, டப்பால புளியோதரையோட ஏறுவாங்க. போன வருஷம் வாங்கும்போது "வயிறு சரியில்லக்கா, அப்புறமா சாப்பிடுறேன்"னு சொல்லிட்டு, சென்ட்ரல்ல இறங்குனதும் கொய்யா விக்கற பாட்டிக்குக் கொடுத்துட்டேன். நாலு சனிக்கிழமையும் வயிறு சரியில்ல. அக்காவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

திங்கட்கிழமை நான் ஆவடியில ஏறல. முதல் வண்டியில திருநின்றவூர் போய் பிளாட்ஃபாரத்துல நின்னேன். அக்கா என்னைப் பார்த்ததும் நடையைக் குறைச்சாங்க. "தாளைப் படிக்காமக் கொடுத்தேன்க்கா. தப்பு, மன்னிச்சுடுங்க"ன்னேன். ஷெல் ஷாப் ஐயா சொன்ன மாதிரி அதோட வாயை மூடிக்கிட்டேன், ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. வண்டி வந்துடுச்சு. ஏறி, அவங்க ஜன்னல் பக்கம் உக்காந்தாங்க, நான் பக்கத்துல. பட்டாபிராம் வரைக்கும் பேச்சில்ல. அப்புறம் அவங்களாவே, "சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன், தாயார் சன்னிதியில நிக்க முடியல"ன்னாங்க. அங்க தாயார் பேரே 'என்னைப் பெற்ற தாயார்'. அந்தப் பேரை அர்ச்சகர் சொன்னதும் அழுதுட்டாங்களாம். நான் அவங்கம்மாவைப் பத்திக் கேட்டேன். மீன் குழம்புக்கு மாங்காய் போடறதுல மருமகளோட நடந்த சண்டை, ரேஷன் கடையில சர்க்கரை எடை குறைஞ்சதுக்குப் போட்ட சத்தம், எல்லாம் வில்லிவாக்கம் வரைக்கும் வந்துச்சு. கொரட்டூர் போனதை ரெண்டு பேருமே கவனிக்கல.

பேசின் பிரிட்ஜ் முன்னாடி வழக்கம்போல சிக்னல் இல்லாம நின்னுபோச்சு. ஃபேன் சத்தம் மட்டும். அக்கா திடீர்னு கேட்டாங்க. "சரி, நீ சொல்லு. உங்க கணக்குல எங்கம்மா எங்க?"

தொண்டை அடைச்சுடுச்சு. தெரியலக்கா, அதைச் சொல்ற இடத்துல நான் இல்லன்னேன். இயேசு அவரு சிநேகிதன் லாசரு செத்து நாலாம் நாள்தான் போனாரு, எழுப்பப் போறோம்னு தெரிஞ்சே போனாரு, இருந்தும் அவன் கூடப் பிறந்தவ அழறதைப் பார்த்து நின்னு அழுதாரு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அன்னிக்கு நான் அதைத்தான் செஞ்சிருக்கணும்னு சொன்னேன். "எழுப்பிட்டாரா?"ன்னாங்க. ஆமான்னு மிச்சக் கதையைச் சொன்னேன், கட்டுகளோட வெளிய வந்தது, அவிழ்த்துவிடச் சொன்னது. சிக்னல் விழற வரைக்கும் அவங்க போனை எடுக்கல. "எங்கம்மா இருந்தா நாலு நாள் ஏன் லேட்டா வந்தேன்னு அவரையும் சண்டைக்கு இழுத்திருக்கும்"னாங்க. லாசரு கூடப் பிறந்த மார்த்தாளும் அதைத்தான்க்கா கேட்டாள்னு சொன்னதும் சிரிச்சுட்டாங்க.

மறுநாள் பழையபடி ஆவடியில ஏறுனேன். பை இன்னும் மடியிலதான். ஆனா மூணு பேர் சீட்டுல கொஞ்சம் நகர்ந்து, நாலாவதா ஒட்டிக்க இடம் விட்டாங்க.

நோட்டைப் போதகர்கிட்டத் திருப்பிக் கொடுத்துட்டேன். அக்கா பேரு இருந்த பக்கத்தை மட்டும் கிழிச்சு எடுத்துட்டுத்தான் கொடுத்தேன். அவருக்குக் கோபம்தான். மீதி 49 தாளையும் ஒவ்வொண்ணா உக்காந்து படிச்சேன், எல்லாம் ஒரே தாள்தான்.

வர்ற சனிக்கிழமை புரட்டாசி மூணாம் வாரம். டப்பா வரும். சாப்பிடலாமா கூடாதான்னு இங்க கேட்டா ரோமர் 14, 1 கொரிந்தியர் 8, 10ன்னு ராத்திரி முழுக்கப் பதில் வரும், அதனால கேக்கல. காலையில டிபன் சாப்பிடாம கிளம்பறதா இருக்கேன்.